எந்த வரிசையில் நிற்பது?

அன்புள்ள ஐயா,

வணக்கம். நாங்கள் நியூஜெர்சிக்கு வந்து பதினாறு வருடம் ஆகிறது. கணவர் வேலைக்கான எச்-1பி விசாவில் இருக்கிறார், நானும் மகளும் அவரைச் சார்ந்த எச்-4 விசாவில். மூன்று வயதில் அவளைத் தூக்கிக்கொண்டு வந்தேன், இப்போது அவளுக்குப் பத்தொன்பது. கிரீன் கார்டுக்கு 2014-ல் போட்ட மனு இன்னும் நகரவில்லை.

போன மாதம் மகள் என்னை ஒரு நாடகத்துக்கு அழைத்துக்கொண்டு போனாள். மார்ட்டினா மாயோக் எழுதிய 'சாங்க்சுவரி சிட்டி'. எங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கும் நியூவர்க்கில், இரட்டைக் கோபுரம் விழுந்த பிறகு நடக்கிற கதை. அமெரிக்காவில் தங்கப் பேப்பர் இல்லாத ஒரு பையன், பள்ளிக்கூடத்தில் அவனுடைய சிநேகிதி ஒருத்தி. அவளுடைய அம்மா குடியுரிமை பெற, அவள் வழியாக இவளுக்கும் கிடைத்துவிடுகிறது. பையனுடைய அம்மாவோ பயந்துபோய் ஊருக்கே திரும்பிவிடுகிறாள். உன்னைக் கல்யாணம் செய்துகொண்டு பேப்பர் வாங்கித் தருகிறேன் என்று அந்தப் பெண் சொல்கிறாள். பிறகு பாஸ்டனுக்குப் படிக்கப் போய்விடுகிறாள். மூன்றரை வருடம் கழித்து அவள் திரும்பி வரும்போது அவன் ஹென்றி என்ற இன்னொரு ஆணோடு வாழ்ந்துகொண்டிருக்கிறான்.

எனக்கு இரண்டு விதமான கோபம் வந்தது. எல்லாக் காகிதத்தையும் ஒழுங்காகக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர்கள் நாங்கள். ஊரில் அப்பா இறந்தபோது, திரும்பி வர விசா ஸ்டாம்பிங் கிடைக்காதோ என்ற பயத்தில் நான் போகவில்லை. விதியை மீறித் தங்கியவர்களுக்குக் குடியுரிமைக்கு வழி வேண்டும் என்று ஒரு நாடகம் கேட்டால் எங்களுக்கு அது என்ன பதில் வைத்திருக்கிறது? அவர்களும் வரிசையில் வரட்டுமே. இன்னொன்று, நாடகமாகவே அது என்னைக் குழப்பியது. அவன் வகுப்பில் முதலாவதாக வருகிற பையன், நல்லவன், அவனுக்கு அநியாயம் நடக்கிறது என்று காட்டியிருந்தால் மனம் இளகியிருக்கும். பிற்பாதியில் மூன்று பேரும் ஒருவரையொருவர் வார்த்தையால் கிழிக்கிறார்கள். யார் பக்கம் நிற்பது என்றே தெரியவில்லை.

வீடு வரும்வரை மகள் வாயைத் திறக்கவில்லை. மறுநாள் காலையில், நம் தமிழ்ச் சங்கத்தின் பொங்கல் விழாவில் இதுமாதிரி ஒரு நாடகம் போடவேண்டும் என்றாள். சங்கத்தில் கேட்டேன். "விசா விஷயம்லாம் மேடையில வேண்டாம்மா, யாராவது வீடியோ எடுத்துப் போட்டா வம்பு" என்கிறார்கள். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? என் பெயரை வெளியிட வேண்டாம்.

எஸ்.
நியூஜெர்சி

அன்புள்ள எஸ்.,

அப்பாவின் சாவுக்குப் போக முடியாமல் போனதை ஒரே வரியில் எழுதிவிட்டு மேலே போய்விட்டீர்கள். அந்த வரியில் நான் வெகுநேரம் நின்றேன். அதனால் உங்கள் கோபத்தை லேசாக எடுத்துக்கொள்ளப் போவதில்லை. ஆனால் அது போய்ச் சேரவேண்டிய முகவரி வேறு என்று நினைக்கிறேன்.

அவர்களும் வரிசையில் வரட்டுமே என்கிறீர்கள். நாடகத்தில் பி என்ற ஓர் எழுத்துப் பெயரால் வரும் அந்தப் பையன் நிற்பதற்கு எந்த வரிசையும் இல்லை. அமெரிக்காவில் நிரந்தரமாகக் குடியேறச் சட்டம் வைத்திருக்கும் வாசல்கள் சிலதான்: நெருங்கிய உறவு, வேலை தரும் முதலாளி, தஞ்சம், விசா லாட்டரி. சிறுவனாகக் கொண்டுவரப்பட்டு, அங்கேயே பள்ளிக்கூடம் முடித்து, அங்கே குடிமகனாக உள்ள அப்பாவோ அம்மாவோ இல்லாத ஒருவனுக்கு இவற்றில் எதுவும் பொருந்தாது. விண்ணப்பம் போடக்கூடாது என்று அவனை யாரும் தடுப்பதில்லை. போடுவதற்கு ஒரு படிவமே கிடையாது. நீங்கள் நிற்கும் வரிசை கொடுமையானது, ஆனாலும் அதில் உங்களுக்கு ஓர் இடமும் ஒரு தேதியும் உண்டு.

சரி, ஊருக்குப் போய் முறையாக விசா வாங்கிக்கொண்டு திரும்பட்டும் என்பார்கள். 1996-ல் வந்த சட்டம் அந்த வழியையும் அடைத்துவிட்டது. அனுமதியில்லாமல் 180 நாளுக்கு மேல் இருந்துவிட்டு நாட்டை விட்டு வெளியேறினால் மூன்று ஆண்டுகள் திரும்ப முடியாது. ஓராண்டோ அதற்கு மேலோ இருந்திருந்தால் பத்தாண்டுகள். பதினெட்டு வயது முடியும்வரையான நாட்களை இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. இந்தச் சலுகை நடைமுறையில் என்ன செய்கிறது என்று பாருங்கள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, கல்லூரிக்கு என்ன செய்வது என்று ஒரு பிள்ளை திகைத்து நிற்கும் அதே மாதங்களில் அவன் தலைமேல் ஒரு கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. பத்தொன்பதாவது பிறந்தநாள் தாண்டினால் வெளியே போகும் கதவும் பூட்டிக்கொள்கிறது.

எப்போதுமே இப்படி இருந்ததில்லை. பல காலமாக நாட்டிலேயே வாழ்ந்துவிட்டவர்களை முறைப்படுத்திக்கொள்ள அமெரிக்கச் சட்டத்தில் 1929-லிருந்தே ஒரு வழி இருந்தது. இன்ன தேதிக்கு முன் வந்து, தொடர்ந்து இங்கேயே இருந்து, நன்னடத்தையோடு வாழ்ந்தவர் நிரந்தரக் குடியிருப்புரிமை கேட்கலாம். அந்தத் தேதியை அவ்வப்போது முன்னே நகர்த்திக்கொண்டே வந்தார்கள். கடைசியாக நகர்த்தியது 1986-ல், ரீகன் காலத்தில். அப்போது வைத்த தேதி 1972 ஜனவரி 1. அதே 1986 சட்டத்தின் கீழ் ஏறத்தாழ 27 லட்சம் பேருக்குச் சட்டபூர்வமாகத் தங்கும் உரிமையும் கிடைத்தது. அதன் பிறகு அந்தத் தேதி இன்றுவரை நகரவில்லை. ஆவணமில்லாத மாணவர்கள் குடியுரிமைக்கு ஒரு வழி கேட்பதைப் புதுச் சலுகை கேட்பதாக நீங்கள் நினைக்கிறீர்கள். அந்த நாடு பல தலைமுறையாகச் செய்துவந்து, பிறகு நிறுத்திவிட்ட ஒன்றைத்தான் அவர்கள் கேட்கிறார்கள்.

பள்ளிக்கூடம் மட்டும் எப்படித் திறந்திருக்கிறது என்றால், அதற்குப் பின்னாலும் ஒரு வழக்கு உண்டு. டெக்சாஸ் மாநிலம் 1975-ல் சட்டம் போட்டு, ஆவணமில்லாத பிள்ளைகளின் படிப்புக்கு மாநிலப் பணம் கிடையாது என்றது. டைலர் என்ற ஊரின் பள்ளி நிர்வாகம் அந்தப் பிள்ளைகளிடம் ஆண்டுக்கு ஆயிரம் டாலர் கட்டணம் கேட்டது. கூலிவேலை செய்யும் மெக்சிகோக் குடும்பங்கள் சில நீதிமன்றத்துக்குப் போயின. யார் கண்ணிலும் அவர்கள் படவேண்டாம் என்பதற்காக நீதிபதி வில்லியம் வெய்ன் ஜஸ்டிஸ் விசாரணையைக் காலை ஆறு மணிக்கு வைத்தார். நீதிமன்ற வாசலிலேயே பிடித்து அனுப்பிவிடுவார்கள் என்று எண்ணி வீட்டுச் சாமான்களைக் காரில் ஏற்றிக்கொண்டு வந்த குடும்பமும் அதில் இருந்தது. அந்த வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய், 1982 ஜூன் 15 அன்று ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் பிள்ளைகள் பக்கம் தீர்ப்பானது. பன்னிரண்டாம் வகுப்புவரை எந்தப் பிள்ளையையும் ஆவணம் கேட்டு வெளியே நிறுத்த முடியாது. அதற்குப் பிறகு என்ன என்பதைத் தீர்ப்பு சொல்லவில்லை. நாடகத்தில் பி அகப்பட்டுக்கொள்வது அந்த இடத்தில்தான். பதினேழு வயதுவரை மற்றவர்களோடு ஒரே வகுப்பு, ஒரே பேருந்து. பதினெட்டில் அவனுடைய சிநேகிதி ஜி கல்லூரி உதவித்தொகைப் படிவத்தை நிரப்புகிறாள், அவனால் அதைத் தொடக்கூட முடியாது. மத்திய அரசின் கல்வி உதவி குடிமக்களுக்கும் நிரந்தரக் குடியிருப்பாளர்களுக்கும் வேறு சில வகையினருக்கும்தான், அவன் எந்த வகையிலும் இல்லை. உங்கள் மாநிலத்தில் இப்படிப்பட்ட மாணவர்கள் உள்ளூர்க் கட்டணத்தில் அரசுக் கல்லூரியில் சேரலாம் என்று சட்டம் வந்ததே 2013 டிசம்பரில்தான்.

இனி நாடகத்துக்கு வருகிறேன். நான் அதை மேடையில் பார்த்ததில்லை, பிரதியை வாசித்திருக்கிறேன். மாயோக் போலந்தில் பிறந்து, சிறுமியாக அமெரிக்கா போய், உங்கள் நியூஜெர்சியில் வளர்ந்தவர். இன்னொரு நாடகத்துக்காக 2018-ல் புலிட்சர் பரிசு பெற்றவர். 'சாங்க்சுவரி சிட்டி' நியூயார்க்கில் 2020 மார்ச்சில் முன்னோட்டக் காட்சிகளைத் தொடங்கிச் சில நாட்களிலேயே பெருந்தொற்றால் நின்றுபோய், 2021-ல் மறுபடி மேடையேறியது.

முற்பாதி உங்களுக்கு நினைவிருக்கும். துண்டு துண்டான காட்சிகள். இரவில் ஜி அவனுடைய ஜன்னலைத் தட்டுகிறாள், வீட்டில் அடி வாங்கிக்கொண்டு வந்திருக்கிறாள், இங்கே தூங்கிக்கொள்ளட்டுமா என்கிறாள். இதே காட்சி திரும்பத் திரும்ப வருகிறது, ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு சொல் கூடுகிறது அல்லது குறைகிறது. இந்த அமைப்புக்கு ஒரு காரணம் உண்டு. அடுத்த மாதம் எங்கே இருப்போம் என்று தெரியாத பிள்ளைகளுக்கு நீளமான காட்சி கிடைப்பதில்லை. அவர்களுடைய வாழ்க்கையே பாதியில் நிறுத்தப்படும் துண்டுகளாக இருக்கிறது. பிற்பாதியில் நாடகம் சட்டென்று ஒரே அறையில், ஒரே இரவில், விடாமல் ஓடும் ஒரு காட்சியாகிவிடுகிறது. அங்கேதான் நீங்கள் குழம்பினீர்கள். எனக்கோ நாடகம் முழுசாக உயிர் பெறுவது அங்கேதான். முற்பாதியில் பிள்ளைகளாக இருந்தவர்கள் இப்போது வளர்ந்துவிட்டார்கள். அவர்கள் ஒருவருக்கொருவர் பட்ட கடனைப் பேசித் தீர்க்காமல் அந்த அறையை விட்டு யாரும் வெளியேற முடியாது.

அந்தக் கல்யாணப் பேச்சு இருக்கிறதே, அதை எழுதியவரின் துணிவுக்கு நான் தலைவணங்குகிறேன். குடிவரவு அதிகாரி என்னென்ன கேட்பார் என்று யோசித்து இருவரும் கேள்வி கேட்டு ஒத்திகை பார்க்கிறார்கள். ஒருவரைப் பற்றி ஒருவருக்கு எல்லாமே தெரிந்திருக்கிறது. உண்மையான தம்பதிகள் பலருக்குத் தெரியாததுகூட. ஆனால் சட்டத்தின் கண்ணில் அது மோசடி. குடிவரவுச் சட்டத்தை ஏமாற்றச் செய்யும் திருமணத்துக்கு ஐந்து ஆண்டுவரை சிறை, இரண்டரை லட்சம் டாலர்வரை அபராதம். பதினெட்டு வயதுப் பெண் தன் சிநேகிதனுக்குக் கொடுக்க முன்வருவது இந்த அபாயத்தை. பாஸ்டனில் அவளுக்குப் புதிய வாழ்க்கை தொடங்குகிறது, கொடுத்த வாக்கு தொண்டையில் சிக்கிக்கொள்கிறது. அவள் தவறியது தவறுதான். அந்த வயதுப் பெண்ணிடம் அப்படிப்பட்ட ஒன்றை எதிர்பார்க்கும் நிலைக்கு இருவரையும் தள்ளியது எது என்று நாடகம் கேட்கிறது. வாய்விட்டுக் கேட்பதில்லை. அவர்களைச் சண்டை போட விட்டுக் கேட்கிறது.

பிறகு ஹென்றி. அவன் அங்கேயே பிறந்தவன், சட்டம் படிப்பவன், பியை உண்மையாக நேசிப்பவன். அவர்கள் வாழும் 2006-ல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் இரு ஆண்கள் மணம் புரியலாம், 2004-லேயே அது நடைமுறைக்கு வந்துவிட்டது. ஆனால் 1996-ல் வந்த மத்தியச் சட்டம் ஒன்று, திருமணம் என்றால் ஆணும் பெண்ணும்தான் என்று வரையறுத்திருந்தது. குடிவரவு மத்திய அரசின் கையில் இருப்பதால் ஹென்றி அவனை மணந்தாலும் ஒரு பயனுமில்லை. அந்தச் சட்டத்தை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது 2013 ஜூனில். ஆக, அவனை மனைவிபோல் நேசிக்காத ஜியால் அவனுக்குக் குடியுரிமை வாங்கித்தர முடியும். நேசிக்கும் ஹென்றியால் முடியாது. யார் பக்கம் நிற்பது என்று தெரியவில்லை என்று எழுதியிருந்தீர்கள். மூன்று பேரும் சொல்வது அவரவர் அளவில் உண்மை என்பதால்தான் அப்படித் தவித்தீர்கள்.

2006-ல் நிற்கும் அந்தப் பாத்திரங்களுக்கு, பியைப் போன்றவர்களுக்கு 2012-ல் வரப்போகும் தற்காலிகப் பாதுகாப்பும் தெரியாது, 2013-ன் அந்தத் தீர்ப்பும் தெரியாது. நமக்குத் தெரியும். பதினெட்டாம் போர்க் கூத்தில் துரியோதனன் சாகப்போகிறான் என்று தெரிந்துகொண்டேதான் விடிய விடிய உட்கார்ந்திருக்கிறோம், அவன் பேசும் ஒவ்வொரு வீரவசனமும் அதனாலேயே நெஞ்சைப் பிசைகிறது. இன்னும் சில ஆண்டுகள் தாக்குப்பிடித்தால் இவர்களுக்கு ஏதாவது ஒரு கதவு திறக்கும் என்று தெரிந்தும் நம்மால் மேடையை நோக்கிக் கத்த முடியாது.

மூன்று பாத்திரங்களில் பெயர் இருப்பது ஹென்றிக்கு மட்டும். மற்ற இருவரும் ஓர் எழுத்துதான், பி, ஜி. பெயரைக்கூட வெளியே சொல்ல முடியாதவர்களாக இருவரையும் எழுதியிருக்கிறார் என்று வாசிக்கும்போது தோன்றியது. எனக்குள்ள ஒரே மனக்குறை, பியின் அம்மா மேடைக்கு வராததுதான். கோபுரங்கள் விழுந்த பிறகு நாடே மாறிவிட்டது, இனி இங்கே இருக்க முடியாது என்று முடிவெடுத்து, பிள்ளையை விட்டுவிட்டுத் திரும்பிப் போகும் ஒரு பெண். அவள் ஏன் வந்தாள், எதைப் பார்த்துப் பயந்தாள், விமானம் ஏறிய அன்று என்ன நினைத்தாள்? அவளுக்கு ஒரு காட்சி கொடுத்திருந்தால் நாடகம் இன்னும் பெரிதாகியிருக்கும்.

இந்த இடத்தில்தான் உங்கள் இரண்டாவது கோபத்துக்கு வருகிறேன். அவன் நல்ல மாணவன் என்று காட்டியிருக்கலாமே என்கிறீர்கள். அமெரிக்காவில் இந்தப் போராட்டம் தொடங்கியதே அப்படித்தான். பிரேசிலில் கொரியப் பெற்றோருக்குப் பிறந்து சிகாகோவில் வளர்ந்த டெரெசா லீ என்ற பியானோ மாணவிக்கு இசைக் கல்லூரியில் சேர ஆவணம் தடையாக இருந்தது. அவளுக்காக செனட்டர் டிக் டர்பினிடம் போனார்கள். அன்றைய சட்டத்தில் அவளுக்கு எந்த வழியும் இல்லை என்று தெரிந்ததும், டர்பின் 2001 ஆகஸ்டில் ஓரின் ஹாட்ச் என்ற இன்னொரு செனட்டரோடு சேர்ந்து ஒரு மசோதா கொண்டுவந்தார். அதுதான் ட்ரீம் ஆக்ட். சிறுவயதில் வந்து, பள்ளி முடித்து, கல்லூரியிலோ ராணுவத்திலோ சேர்ந்தவர்களுக்குப் படிப்படியாகக் குடியுரிமை. அதன் விசாரணைக்குக் குறித்த நாள் 2001 செப்டம்பர் 12. முந்தின நாள் என்ன நடந்தது என்பது உலகத்துக்கே தெரியும். மாயோக்கின் நாடகம் தொடங்குவது அந்தக் குளிர்காலத்தில்தான். டெரெசா லீக்குக் கடைசியில் குடியுரிமை கிடைத்தது, ஒரு குடிமகனை மணந்ததால். அவளை முன்வைத்து எழுதிய மசோதாவால் அவளுக்கே பயனில்லாமல் போயிற்று.

அந்த மசோதாவுக்காக மாணவர்கள் பட்டமளிப்பு அங்கியும் தொப்பியும் அணிந்து தெருவில் நின்றார்கள். முதல் மதிப்பெண் வாங்கியவர்களைத் தேடிப் பிடித்து முன்னால் நிறுத்தினார்கள். "தங்கள் தவறு எதுவும் இல்லாமல் கொண்டுவரப்பட்டவர்கள்" என்று ஆதரவாளர்கள் ஓயாமல் சொன்னார்கள். கேட்க இரக்கமாக இருக்கும். ஆனால் பிள்ளையின் தவறு இல்லையென்றால் தவறு யாருடையது? அந்த வாக்கியம் ஒவ்வொரு முறையும் அப்பா அம்மாவைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியது. வீடு துடைத்தும் தோட்டத்தில் குனிந்தும் தங்களைப் படிக்கவைத்தவர்களைக் காட்டிக்கொடுத்துத்தான் தங்களுக்குக் குடியுரிமையா என்று அந்தப் பிள்ளைகளே பின்னால் கேட்டார்கள். இரண்டாம் தர மாணவனுக்கும், படிப்பை விட்டவனுக்கும் ஊர் வேண்டாமா என்றும் கேட்டார்கள். 2010 ஜனவரி 1 அன்று நான்கு மாணவர்கள் மயாமியிலிருந்து வாஷிங்டனுக்கு நடக்கத் தொடங்கினார்கள், ஏறக்குறைய 1,500 மைல். அதே ஆண்டு மார்ச் 10 அன்று சிகாகோவில், பொது இடத்தில் மேடை போட்டு, ஒவ்வொருவராக வந்து தன் பெயரைச் சொல்லி, எனக்கு ஆவணம் இல்லை, எனக்குப் பயமும் இல்லை என்றார்கள். அடுத்த வசனத்துக்கு முன் போலீஸ் வரலாம் என்ற நிலையில் பேசிய வசனம் அது. என் கண்ணுக்கு ஆவணமற்ற மாணவர்களின் முதல் பெரும் நாடகம் அதுதான். அந்த மண்ணுக்கு அது புதிதும் இல்லை. 1965-ல் கலிபோர்னியாவின் டெலனோவில் திராட்சைத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது லூயிஸ் வால்டெஸ் என்ற நாடகக்காரர் அவர்களையே நடிகர்களாக்கி, லாரியின் பின்தட்டை மேடையாக்கி நாடகம் போட்டார்.

2010 டிசம்பரில் ட்ரீம் ஆக்ட் மசோதா மக்கள் பிரதிநிதிகள் சபையில் 216-க்கு 198 என்று நிறைவேறியது. செனட்டில் 55-க்கு 41. விவாதத்தை முடித்து வாக்கெடுப்புக்கு விடத் தேவைப்பட்டது 60. ஐந்து வாக்கில் போயிற்று. 2012 ஜூன் 15 அன்று, டைலர் பிள்ளைகளின் தீர்ப்பு வந்து சரியாக முப்பதாவது ஆண்டு நாளில், சிறுவயதில் கொண்டுவரப்பட்டவர்களுக்காக ஒபாமா டாக்கா (DACA) என்ற திட்டத்தை அறிவித்தார். இரண்டு ஆண்டுக்கு நாடு கடத்தமாட்டோம், வேலை அனுமதி தருகிறோம், பிறகு புதுப்பித்துக்கொள்ளலாம். இதுவரை எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அதைப் பெற்றிருக்கிறார்கள். ஆனால் குடியுரிமைக்கு அதில் வழியில்லை. அதைப் பெறுவதற்கு 2007 ஜூன் 15-லிருந்து தொடர்ந்து நாட்டில் இருந்திருக்க வேண்டும். அந்தத் தேதியும் அப்படியே நிற்கிறது. 2021-ல் டெக்சாஸ் நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் புதிய விண்ணப்பங்களுக்கு ஒப்புதலும் தருவதில்லை. இன்று பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும் ஆவணமில்லாத பிள்ளை எதற்குமே தகுதியில்லாமல் நிற்கிறது. பி நின்ற இடத்திலேயே.

இப்போது உங்கள் வீட்டுக்குள் வருகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் காத்திருப்பது பி உங்களுக்கு முன்னால் புகுந்ததால் இல்லை. வேலை அடிப்படையில் ஆண்டுக்குத் தருவது ஏறத்தாழ 1,40,000 கிரீன் கார்டுகள், மனைவி பிள்ளைகளையும் சேர்த்து. ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்குப் பொதுவாக ஏழு சதவீதத்துக்கு மேல் இல்லை. நூற்று நாற்பது கோடிப் பேர் இருக்கும் இந்தியாவுக்கும் அதே ஏழு, ஐஸ்லாந்துக்கும் அதே ஏழு. இது 1990-ல் எழுதிய கணக்கு. டாக்கா திட்டம் இந்த 1,40,000-லிருந்து ஒன்றைக்கூட எடுக்கவில்லை. உங்கள் அப்பாவின் முகத்தைக் கடைசியாகப் பார்க்கவிடாமல் செய்தது இந்தக் கணக்கு. அதைத் திருத்தாமல் விட்டதும், ட்ரீம் ஆக்டைக் கால் நூற்றாண்டாக நிறைவேற்றாமல் விட்டதும் ஒரே நாடாளுமன்றம்.

உங்கள் மகளுக்கு இது தெரிந்திருக்கிறது என்று நினைக்கிறேன். இருபத்தொரு வயதானால் எச்-4 முடிந்துவிடும். பெற்றோரின் மனுவில் அவளுக்கு இருந்த இடமும் போகலாம். அதற்குள் மாணவர் விசாவுக்கு மாறவேண்டும், இல்லையென்றால் மூன்று வயதிலிருந்து தெரிந்த ஒரே ஊரைவிட்டுக் கிளம்பவேண்டும். இப்போதும் தோழிகளைப் போலக் கடையில் ஒரு பகுதிநேர வேலைக்குப் போக அவளுக்கு அனுமதியில்லை, பிக்கு இல்லாததைப் போலவே. இப்படி விசாவோடு வளர்ந்து விசாவை இழக்கும் பிள்ளைகள் இரண்டு லட்சத்துக்கும் மேல் இருப்பதாக அவர்களுக்காகப் பேசும் 'இம்ப்ரூவ் தி ட்ரீம்' அமைப்பு சொல்கிறது. பெரும்பகுதி இந்தியப் பிள்ளைகள். 2012-ல் டாக்கா வந்தபோது, அன்றைய தேதியில் செல்லுபடியாகும் விசா வைத்திருந்த பிள்ளைக்கு அது கிடையாது என்றார்கள். விதியை மீறாததே தகுதிக்குறைவாகிவிட்டது. இவர்களைக் காக்கும் மசோதா ஒன்று 2021-ல் இரு அவைகளிலும் கொண்டுவரப்பட்டது, இன்னும் சட்டமாகவில்லை. நல்ல குடிவரவு வழக்கறிஞர் ஒருவரைப் பார்த்து, மனு பரிசீலனையில் இருந்த நாட்களை வயதிலிருந்து கழிக்கும் சட்டம் உங்கள் மகளுக்கு எவ்வளவு உதவும் என்று இப்போதே கேளுங்கள். இருபத்தொன்று நெருங்கும்வரை விட்டுவிடாதீர்கள்.

நீங்கள் இருவரும் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து இருவேறு நாடகம் பார்த்திருக்கிறீர்கள். நீங்கள் விதியை மீறிய ஒருவனைப் பார்த்தீர்கள். அவள் தன் வயதுக்காரன் ஒருவனைப் பார்த்திருக்கிறாள். அவளிடம் பேசுங்கள். உங்களைக் குறைசொல்லத்தான் மௌனமாக இருந்தாள் என்று நினைத்துவிட வேண்டாம். "தங்கள் தவறு இல்லாமல் கொண்டுவரப்பட்டவர்கள்" என்ற அந்த வாக்கியம் உங்களுக்கும் அவளுக்கும் நடுவில் வந்து உட்கார்ந்துவிடக் கூடாது.

தமிழ்ச் சங்க விஷயம். போடுங்கள். அரசியல் வேண்டாம் என்கிறவர்களின் வீட்டிலும் பத்தொன்பது வயதுப் பிள்ளை இருக்கும். ஆவணமில்லாமல் அந்த நாட்டில் இருக்கும் இந்தியர்களும் லட்சக்கணக்கில். 2025 பிப்ரவரி 5 அன்று அமிர்தசரஸில் இறங்கிய ராணுவ விமானத்தில், பலர் கைவிலங்கோடு, வந்த 104 பேரும் நம்மவர்கள்தான். உங்கள் சங்கத்துக்குச் சமைத்துக் கொடுப்பவர்களிலோ, கடையில் கல்லாவில் நிற்பவர்களிலோ அப்படி ஒருவர் இருக்கலாம், அவர் உங்களிடம் சொல்லமாட்டார்.

அதனால்தான் வீடியோ பற்றிய அவர்கள் பயத்தை நான் தள்ளிவிடவில்லை. மாயோக்கின் காட்சிகளை அப்படியே எடுத்துப் போடுவதானால் முறைப்படி அனுமதி வாங்கவேண்டும். அதைவிட, மகளும் அவள் வயதுப் பிள்ளைகளும் சேர்ந்து தாங்களே எழுதட்டும். எச்-4 பிள்ளை ஒன்று, பேப்பரே இல்லாத பிள்ளை ஒன்று, அங்கேயே பிறந்த பிள்ளை ஒன்று, மூன்றும் ஒரே வகுப்பில் கல்லூரி விண்ணப்பம் நிரப்பும் ஒரு மாலை. இதுவே அரைமணி நேரத்துக்குக் காணும். பிள்ளைகளில் யாருக்காவது உண்மையிலேயே ஆவணம் இல்லையென்றால் அந்தப் பாத்திரத்தை அவருக்குக் கொடுக்காதீர்கள், வேறொருவர் நடிக்கட்டும். யாருடைய சொந்தக் கதையையும் ஊர் பெயரோடு வைக்கவேண்டாம். படம் எடுக்கக்கூடாது என்று முதலிலேயே அறிவித்து, போன்களை வாசலில் வாங்கி வைக்க ஆள் போடுங்கள். அப்புறம், அம்மா பாத்திரம் ஒன்று கட்டாயம் இருக்கட்டும். அதை நீங்களே நடிக்கலாம் என்பது என் யோசனை. எழுதி முடித்ததும் பிரதியை எனக்கு அனுப்பச் சொல்லுங்கள், படித்துவிட்டு அவளுக்கு நேரடியாக எழுதுகிறேன்.

அன்புடன்.